டப்ஸ்டெப் 70ஆ? லண்டன் கிளப்பை மைக்செட் மீட்டரில் அளக்கலாமா?

தக்கலை தாளம்:
லண்டன் கிளப் நடன இசையில் கராஜ், டப்ஸ்டெப் என்று இரண்டு பாணிகள். அவற்றைப் பற்றி நம் குமரி மாவட்ட இசை வாட்ஸப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. கேட்காதவர்களுக்குச் சாரம் இது: "லண்டன் கிளப்புகளில் கராஜ் இசை 130 வேகத்தில் ஓடியது. ஆடி ஆடி ஆட்கள் களைத்தார்கள். வேகம் பாதியாகி 70க்கு இறங்கியது. அதுதான் டப்ஸ்டெப். எந்த ஊர் இசையும் இப்படித்தான், ஏறும், களைக்கும், இறங்கும்." பேசியவர் மார்த்தாண்டம் மைக்செட் அண்ணாச்சி. இங்கேயும் இருக்கிறார், படிக்கட்டும்.

அண்ணாச்சி, கோயில் கொடைக்கும் பெருநாளுக்கும் செட்டு போடுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. லண்டனை மட்டும் விட்டுவிடுங்கள்.

வேகம் இறங்கவே இல்லை. ஏறியது. நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் என்ற கிளப் 1977 முதல் 1987 வரை நடந்தது, லாரி லெவன் அங்கே டிஜே. அந்த வழியில் வந்த அமெரிக்க கராஜ் இசைத்தட்டுகள் ஏறக்குறைய 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 அடி. லண்டன் டிஜேக்கள் டர்ன்டேபிளில் பிட்ச்சைத் தள்ளி 130 வரை கொண்டுபோனார்கள். அப்படித் தள்ளினால் பாடகியின் குரல் கீச்சென்று ஆகிவிடும், அதனால் தட்டின் மறுபக்கத்தில் குரல் குறைவாக இருந்த டப் வடிவத்தையே தேடி வாசித்தார்கள். வெறும் வேகத்துக்காகச் செய்த வேலையில் இசையின் முகமே மாறிவிட்டது. 1997 வாக்கில் நாலடிச் சுற்றில் கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) இரண்டாவது அடியையும் நாலாவது அடியையும் எடுத்துவிட்டு டூ-ஸ்டெப் என்ற பாணியைச் செய்தார்கள். அதிலிருந்து பேஸ் என்ற கீழ்ச்சுருதி ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு இருட்டான பக்கமாகப் போனவர்கள் ஸ்நேர் டிரம்மை மூன்றாவது அடியில் மட்டும் போட்டார்கள். அதுதான் டப்ஸ்டெப். வேகம் 140.

120, 130, 140. இது இறக்கமா?

மார்த்தாண்டம் மைக்செட்:
தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர். நீர் பார்த்தது நெட்டில். நான் பார்ப்பது லேப்டாப்பில் ஓடும் மீட்டரில். டப்ஸ்டெப் பாட்டைப் போட்டால் 70 என்று காட்டுகிறது. மீட்டருக்குத் தக்கலைக்காரர் மேல் என்ன வெறுப்பு?

வடசேரி வாசகன்:
ஒரு சந்தேகம். இந்த மாதிரி இசையை "அண்டர்கிரவுண்ட்" என்கிறார்களே, அது எதைச் சொல்கிறது? உரிமம் இல்லாத இடமா, வானொலியில் வராத இசையா, கூட்டம் குறைவான இரவா? இதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

தக்கலை தாளம்:
மீட்டர் சில பாட்டுக்கு 70 காட்டும், சிலதற்கு 140 காட்டும். ஸ்நேர் எங்கே விழுகிறது என்று பார்த்து அது பாதியாக மடக்கிவிடுகிறது. ஹை-ஹாட் என்ற ஜால்ராவைக் கேளுங்கள், பேஸ் துடிப்பதைக் கேளுங்கள், 140ல்தான் ஓடுகிறது.

ஆதாரம் வேண்டுமா? 2001ல் லண்டன் சோஹோவில் வெல்வெட் ரூம்ஸில் ஃபார்வர்ட் என்ற இசை இரவு தொடங்கியது. பிறகு ஷோர்டிச் பக்கம் பிளாஸ்டிக் பீப்பிள் கிளப்புக்கு மாறியது. அங்கே டப்ஸ்டெப் தட்டும் கிரைம் (குற்றமில்லை, கராஜிலிருந்து பிறந்த இன்னொரு பாணி) தட்டும் அடுத்தடுத்து ஓடும். கிரைம் 140 என்பதில் உலகத்தில் யாருக்கும் சண்டை இல்லை. டப்ஸ்டெப் 70 என்றால் இரண்டையும் எப்படி ஒட்டி ஓட்டியிருப்பார்கள்?

மார்த்தாண்டம் மைக்செட்:
70ஐயும் 140ஐயும் ஒட்டி ஓட்டலாமே, இரட்டிப்புதானே. இது எங்கள் கடைப் பையனுக்கே தெரியும் வோய்.

ஆரல்வாய் காத்தாடி:
அண்ணாச்சிக்கு ஒரு மார்க்.

தக்கலை தாளம்:
ஒரு மார்க்கும் இல்லை. ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற இசை செய்யும் மென்பொருளைத் திறந்தால் முதலில் நின்ற எண்ணே 140தான். தெற்கு லண்டன் குரோய்டன் பையன்கள் ஸ்க்ரீமும் பெங்காவும் பள்ளிக்கூட வயதில் அதில்தான் பாட்டு செய்தார்கள். செய்தவனே 140 என்று வைத்துச் செய்திருக்கிறான். கேட்கிறவர் வந்து 70 என்பதா?

மார்த்தாண்டம் மைக்செட்:
அப்படியானால் மென்பொருள் போட்டுக் கொடுத்த எண்ணை அவன்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான். அதில் என்ன கண்டுபிடிப்பு? ஆடுகிறவன் தலை எத்தனை முறை ஆடுகிறது என்று பாரும். 70.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
இரண்டு பேருக்கும் வணக்கம். நான் அந்தக் காலத்தில் லண்டனில் இருந்தேன், இப்போதும் ஈஸ்ட்ஹாம்தான். பிளாஸ்டிக் பீப்பிளுக்குள் நின்றிருக்கிறேன். சுமார் 200 பேர் பிடிக்கிற நிலவறை. விளக்கு கிடையாது என்றே சொல்லலாம், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. பேஸ் வந்தால் சட்டை ஆடும். வேகத்தைப் பற்றி அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அறைதான் அந்த இசையை மாற்றியது. விளக்கு போட்ட பெரிய கிளப்பில் கராஜ் என்றால் நல்ல சட்டை, ஷாம்பெயின், ஜோடியாக ஆட்டம். ஆடையைப் பார்த்துத்தான் வாசலில் விடுவார்கள். இந்த நிலவறையில் ஆடையை யார் பார்க்கப்போகிறார்? இருட்டில் தனியாக நின்று பேஸ் கேட்கிறவனுக்குக் குரலும் வேண்டாம், நிறைய டிரம்மும் வேண்டாம். இடைவெளி வேண்டும். செய்கிறவர்கள் ஒவ்வொரு வாரமும் அங்கேதான் நிற்பார்கள். எது அந்த ஸ்பீக்கரில் எடுபடுகிறது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்ததைச் செய்வார்கள். அப்படி டிரம் குறைந்துகொண்டே போனது.

பாட்டு முடித்த அன்றே ஃபாரஸ்ட் ஹில்லில் டிரான்சிஷன் ஸ்டுடியோவில் அசிடேட் தட்டாக வெட்டிக்கொண்டு வருவார்கள். டப்பிளேட் என்பார்கள். சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்துவிடும். கடைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் அந்த அறைக்கு வந்தால்தான் புதிய பாட்டு.

தலை ஆடியது எப்படி என்று கேட்டால், மெதுவாகத்தான் ஆடியது.

மார்த்தாண்டம் மைக்செட்:
கேட்டீரா தம்பி? அறைக்குள் நின்றவர் சொல்கிறார். மெதுவாக. 70.

தக்கலை தாளம்:
அவர் தலையைச் சொல்கிறார், பாட்டைச் சொல்லவில்லை. குளச்சல் அண்ணனுக்கு ஒரு கேள்வி. நீங்கள் உள்ளே நின்றதாகச் சொல்கிறீர்கள், சரி. யார் வாசித்தார்கள், எந்த வருடம்? ஈஸ்ட்ஹாமில் இருக்கிற எல்லாரும் இப்போது பிளாஸ்டிக் பீப்பிளில் நின்றவர்கள்தான். அந்த அறை 200 பேர்தான் பிடிக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
டிக்கெட்டை லேமினேட் செய்து வைக்கவில்லை தம்பி. நீங்கள் தக்கலை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யூடியூபில் கேட்டதை வைத்து என்னிடம் அடையாள அட்டை கேட்கிறீர்கள். நடத்துங்கள்.

வேளிமலை டீச்சர்:
பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு களை ஆதி தாளம் தெரிந்த எந்தக் குழந்தையும் இதைச் சொல்லிவிடும். கை போடுவது அதே எட்டு அட்சரம். ஒவ்வொன்றும் இரண்டு மாத்திரையாக நீளும். உள்ளே ஓடுகிற எண்ணிக்கையும் உண்மை, மேலே விழுகிற கையும் உண்மை. ஒருவர் உள் எண்ணிக்கையைச் சொல்கிறார், இன்னொருவர் கையைச் சொல்கிறார். போய் வேலையைப் பாருங்கள்.

தக்கலை தாளம்:
டீச்சர், மன்னிக்கவும். கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடுவது நமக்கு ஒரு வியாதி. லண்டனில் எவனும் தொடையில் தட்டிக்கொண்டு உட்காரவில்லை. அது 140.

மார்த்தாண்டம் மைக்செட்:
டீச்சர் என் பக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். கைதானே தாளம்.

வேளிமலை டீச்சர்:
நான் யார் பக்கமும் இல்லை. ஆனால் வகுப்புக்கு வராமல் வியாதி என்று சொல்கிறவர்களை மறக்கமாட்டேன்.

மார்த்தாண்டம் மைக்செட்:
கர்நாடகம் வேண்டாம் என்றால் செண்டைக்கு வாரும். பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலம், அதாவது ஐந்து வேக நிலை. முதல் காலம் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. சுற்று சுருங்கச் சுருங்கக் கூட்டம் துள்ளும். ஒவ்வொரு காலத்துக்கும் ஆட்கள் கை தூக்குவதே மாறும். அப்போது வேகம் மாறியதா இல்லையா? நின்று பார்த்தவனுக்குத் தெரியும். அதே மாதிரி டப்ஸ்டெப்பில் சுற்று நீண்டது, ஆட்டம் பாதியானது. 140 பாதியானால் எவ்வளவு? நான் சொல்லமாட்டேன்.

ஆரல்வாய் காத்தாடி:
1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இன்னும் மார்த்தாண்டத்துக்குச் செண்டைதான் கேட்கிறது. நையாண்டி மேளம் என்று ஒன்று இருந்ததே, அதை ஊரை விட்டு அடித்துத் துரத்தியதே இந்தக் கேரளச் சிங்காரி மேளமும் அதற்கு மைக் வைக்கிற அண்ணாச்சிகளும்தான்.

மார்த்தாண்டம் மைக்செட்:
யாரைத் துரத்தினோம்? கொடைக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்கிறது கமிட்டி. நான் மைக் வைக்கிறவன். நையாண்டி மேளத்துக்கும் வைத்திருக்கிறேன், வில்லுப்பாட்டுக்கும் வைத்திருக்கிறேன், கடற்கரையில் களியல் ஆட்டத்துக்கும் வைத்திருக்கிறேன். நீர் எதற்குக் கைதட்ட வந்தீர்? ஆரல்வாய்மொழியில் காற்றுதான் உண்டு, கச்சேரி ஏது?

வேளிமலை டீச்சர்:
சிங்காரி மேளம் வேறு, பஞ்சாரி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

ஆரல்வாய் காத்தாடி:
எங்கள் ஊர்க் காற்றாலைக்கு மூன்று இறக்கை. ஒரு சுற்று சுற்றினால் தக்கலைக்காரர் மூன்று என்பார், அண்ணாச்சி ஒன்று என்பார். மின்சார வாரியம் யூனிட்டுக்குத்தான் காசு கொடுக்கும்.

வடசேரி வாசகன்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு "பாணி" எப்போது இன்னொரு பாணி ஆகிறது? பெயர் மாறினாலா, வேகம் மாறினாலா, கேட்கிற ஆள் மாறினாலா?

தக்கலை தாளம்:
வேகம் மாறினால் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு பேச்சு.

உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2001 ஆகஸ்டில் சோ சாலிட் க்ரூ என்ற கராஜ் குழுவின் பாட்டு பிரிட்டனில் முதலிடம். கராஜ் உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டில் வன்முறை, துப்பாக்கி என்று செய்தி வர, கிளப் முதலாளிகள் கராஜ் இரவுகளை நிறுத்தத் தொடங்கினார்கள். வயதில் மூத்த கராஜ் டிஜேக்களுக்கும் மைக் பிடித்துக் கத்துகிற பையன்களைப் பிடிக்கவில்லை. கிளப் கதவு மூடியது. பையன்கள் எங்கே போவார்கள்? கிழக்கு லண்டன் அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் ஏரியல் வைத்த திருட்டு வானொலிக்குப் போனார்கள். ரின்ஸ் எஃப்எம் 1994லிருந்து அப்படித்தான் ஓடியது, உரிமம் கிடைத்ததே 2010ல்தான். வானொலியில் ஆடத் தேவையில்லை. பேசினால் போதும். அதனால் அந்தப் பக்கத்து இசையில் எம்சி, அதாவது மைக் பிடித்துப் பேசுகிறவன், பெரியவனாகி, தாளம் அவனுக்கு இடம் விட்டது. அது கிரைம். 2003ல் கிரைம் எம்சி டிஸ்ஸி ராஸ்கல் 18 வயதில் பிரிட்டனின் மெர்க்குரி ஆல்பப் பரிசு வாங்கினார்.

தெற்கே குரோய்டனில் சர்ரே தெருச் சந்தையில் பிக் ஆப்பிள் என்று ஒரு இசைத்தட்டுக் கடை. ஹட்சா அங்கே கல்லாப் பக்கம் நின்று தட்டு விற்றவர், இரவில் டிஜே. பையன்கள் வீட்டில் செய்ததை அவரிடம் கொடுப்பார்கள். பிடித்திருந்தால் தட்டாக வெட்டி ஃபார்வர்டில் ஓட்டுவார். ஒரு கடை, ஒரு டிஜே, ஒரு அறை. இந்தப் பக்கம் எம்சி கிடையாது, பேஸ்தான் பேசியது. அது டப்ஸ்டெப்.

ஒரே ஊர், ஒரே தாய், ஒரே வேகம், இரண்டு பிள்ளைகள். பிரித்தது எது? ஒருவனுக்கு வானொலி கிடைத்தது, இன்னொருவனுக்கு இருட்டறை கிடைத்தது. களைப்பு எங்கே வந்தது அண்ணாச்சி? "ஆடி ஆடிக் களைத்தார்கள்" என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வேகம் இரண்டுக்கும் 140.

மார்த்தாண்டம் மைக்செட்:
நீளமாக எழுதினால் கூடிவிடுமா? எல்லாம் சரி. கடைசி எண் மட்டும் தப்பு.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
தக்கலை எழுதியதில் பாதி, நான் மேலே "அறை" என்று சொன்னதுதான். அடையாள அட்டை கேட்டவர் என் சரக்கையே என்னிடம் விற்கிறார்.

தக்கலை தாளம்:
நான் 2001லிருந்து படித்து வருகிறேன். உங்களிடமிருந்து எடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
படித்து வருகிறீர்கள். சரி. நான் கேட்டு வந்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், இது எந்தப் படிப்பிலும் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். 2005 மார்ச்சில் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் இரவு தொடங்கியது. டப்ஸ்டெப் செய்கிற மாலாவும் கோக்கியும் அவர்கள் ஆட்களும் நடத்தினார்கள். இடம் செயின்ட் மாத்யூஸ் என்ற பழைய தேவாலயக் கட்டடம். 2006 ஜனவரியில் அறிவிப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1ல் இவர்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு நிகழ்ச்சி செய்தார். மார்ச்சில் முதலாமாண்டு இரவுக்கு வரிசை தெருவைத் தாண்டியது, கீழே இடம் போதாமல் மேலே பெரிய அறைக்கு மாற்றினார்கள்.

அறை பெரிதானதும் பாட்டும் மாறத் தொடங்கியது. சின்ன அறையில் அடிவயிற்றில் கேட்ட சப் பேஸ் பெரிய கூடத்தில் கரைந்துபோகும். அதனால் நடுச்சுருதியில் உறுமுகிற பேஸ் வந்தது. உறுமியதும் கூட்டம் கத்தும், கத்தினால் டிஜே தட்டைப் பின்னால் இழுத்து மறுபடி போடுவார். எது கத்தவைக்கிறதோ அதையே எல்லாரும் செய்தார்கள். பழைய ஆட்கள் சிலர் ஒதுங்கி வேறு பக்கம் போனார்கள். பெண்கள் பலர் அதற்கு முன்பே யுகே ஃபங்கி என்ற இன்னொரு நடன இசை இரவுகளுக்குப் போய்விட்டார்கள், அங்கே இடுப்பை ஆட்ட இடம் இருந்தது. அது 130. உங்கள் ஏணிக் கணக்கில் அதை எங்கே வைப்பீர்கள், தக்கலை? 120, 130, 140, மறுபடி 130?

ஆரல்வாய் காத்தாடி:
ஏணியில் ஏறியவர் இறங்கவும் வேண்டுமே.

தக்கலை தாளம்:
ஃபங்கி தனிக் கிளை. நான் டப்ஸ்டெப்பைப் பற்றிப் பேசினேன். பேச்சை மாற்றாதீர்கள்.

மார்த்தாண்டம் மைக்செட்:
தேவாலயத்தில் கிளப்பா? இங்கே பெருநாளுக்குப் பத்து மணிக்கு மேல் குழாய் கத்தினால் எஸ்ஐ வந்து ஆம்ப்ளியைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

வடசேரி வாசகன்:
ஒலி மாசு விதிகள் 2000ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். எஸ்ஐ மேல் தப்பில்லை.

மார்த்தாண்டம் மைக்செட்:
வாசகரே, அந்த 15 நாளில் நம் கொடை வந்ததா என்று எங்கள் கமிட்டியைக் கேளும். வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்.

தக்கலை தாளம்:
சட்டம் என்றதும் நினைவு வருகிறது. 1992ல் காசில்மார்ட்டன் என்ற பொதுவெளியில் ஆயிரக்கணக்கானோர் நாள்கணக்கில் ஆடினார்கள். அதற்குப் பின் 1994ல் பிரிட்டன் ஒரு குற்றவியல் சட்டம் போட்டது. திறந்தவெளியில் இரவில் 100 பேரோ அதற்கு மேலோ கூடி, திரும்பத் திரும்ப வரும் தாளத்தை உரக்கப் போட்டால் போலீஸ் கலைக்கலாம் என்றது அன்றைய சட்டம். தாளத்தையே சட்டத்தில் எழுதினார்கள். அதற்குப் பதிலடியாக ஆட்டெகர் என்ற இருவர், எந்தச் சுற்றும் ஒன்றுபோல் வராத ஒரு பாட்டை அதே ஆண்டு வெளியிட்டார்கள். வெளியே ஆட முடியாமல் கூட்டம் கிளப்புக்குள் வந்தது. உள்ளே வந்தால் உரிமம், கதவு, சோதனை.

பிறகு லண்டன் போலீஸ் 2005ல் 696 என்ற படிவம் கொண்டுவந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே டிஜே, எம்சி பெயர், முகவரி, என்ன இசை என்றெல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆரம்பத்தில் வருகிறவர்கள் என்ன இனம் என்றுகூடக் கேட்டது. கிரைம் இரவுகள் அதில்தான் மாட்டின. 2017ல்தான் கைவிட்டார்கள்.

மார்த்தாண்டம் மைக்செட்:
அந்தப் படிவத்தில் வேகம் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் உமக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஆரல்வாய் காத்தாடி:
இவ்வளவு பேசுகிறீர்கள், நம் ஆள் மாயா அருள்பிரகாசம் பெயரை யாராவது எடுத்தீர்களா? எம்ஐஏ. 2005ல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையே வைத்து மெர்க்குரி இறுதிப் பட்டியலுக்குப் போனார். லண்டன் கிளப் இசையில் தமிழச்சி!

தக்கலை தாளம்:
பெருமைதான். ஆனால் அவர் டப்ஸ்டெப் இல்லை, கிரைமும் இல்லை. எல்லாவற்றிலும் தமிழ்க் கொடி நடவேண்டாம்.

ஆரல்வாய் காத்தாடி:
குரோய்டன் கடைக்காரனுக்கு ஒரு பத்தி எழுதுவீர், நம் பெண்ணுக்கு ஒரு வரி. நல்ல தமிழர்.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
தபலாக்காரர் தால்வின் சிங்கை விட்டுவிட்டீர்கள். 1999ல் மெர்க்குரி. அவருடைய அனோக்கா இரவு நடந்தது ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ப்ளூ நோட்டில். அதே கிளப்பில்தான் ஞாயிறு இரவுகளில் மெட்டல்ஹெட்ஸ் நிறுவனத்தின் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகப் பாணி. அடுத்தடுத்த இரவுகள், ஒரே ஸ்பீக்கர். தபலாவும் பிரேக்பீட் டிரம்மும் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

தக்கலை தாளம்:
எதற்கெடுத்தாலும் அறை, அறை. சரி, அறையைப் பற்றி நானும் சொல்கிறேன், சிகாகோவுக்கு வாருங்கள். ரோலண்ட் 303 என்ற சின்னப் பெட்டி, கிட்டார்க்காரர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கச் செய்தது. 1984லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், விலை போகவில்லை. பழைய சாமான் விலைக்கு வாங்கிய ஃபியூச்சர் என்ற குழுப் பையன்கள் குமிழைத் திருகித் திருகி ஒரு கீச்சொலியை எடுத்தார்கள். மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நாலு முறை போட்டார் என்பார் அவர்களில் ஒருவரான டிஜே பியர். முதல் முறை கூட்டம் ஆடுதளத்தை விட்டுப் போனது. நாலாவது முறை பைத்தியமானது. 1987ல் தட்டாக வந்தது, அதுதான் ஆசிட் ஹவுஸ் என்ற பாணி. இங்கே அறையா மாற்றியது? ஒரு டிஜேயின் பிடிவாதம்.

மார்த்தாண்டம் மைக்செட்:
பிடிவாதம் பற்றி நீர் சொன்னால் நம்பலாம்.

வேளிமலை டீச்சர்:
இப்போதுதான் சிரித்தேன்.

தக்கலை தாளம்:
சிரியுங்கள் டீச்சர். அண்ணாச்சி, உங்களுக்கு ஏன் 70 என்று கேட்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் பாக்ஸில் கீழ்ச்சுருதி வராது. டப்ஸ்டெப்பின் உயிர் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அங்கேதான் பேஸ் துடிக்கிறது, 140ஐப் பிரித்துப் பிரித்து. அது உங்கள் செட்டில் கேட்காது. ஸ்நேர் மட்டும் டொப்பென்று கேட்கும். அதை எண்ணிவிட்டு 70 என்கிறீர்கள்.

மார்த்தாண்டம் மைக்செட்:
ஓ, பாக்ஸுக்கு வந்தாயிற்றா? சரி, பேசுவோம். போன பெருநாளுக்கு உங்கள் தெருவில் செட்டு போட்டது யார்? ஜெபமாலை முடிந்து சாமான் ஏற்றுகிற நேரத்தில், "அண்ணாச்சி, ஒரே ஒரு பாட்டு" என்று லேப்டாப்பைக் கொண்டுவந்து செருகியது யார்? இந்த டப்ஸ்டெப்தான். பேஸ் குமிழைத் தொடாதே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஸ்பீக்கர் காயில் கருகிய வாடை. அந்த ஸ்பீக்கருக்குக் கணக்கு இன்னும் தீரவில்லை. இவர் எனக்கு ஹெர்ட்ஸ் சொல்லித் தருகிறார்.

தக்கலை தாளம்:
18 இஞ்ச் என்று பேசிவிட்டு 15 இஞ்ச் கொண்டுவந்தீர்கள். கமிட்டிக்கு பில் 18 இஞ்சுக்கு. அதைச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மைக்செட்:
கமிட்டி பில்லை இங்கே இழுக்காதீர். ஜெனரேட்டரோடு சேர்த்துப் பேசிய தொகை அது.

ஆரல்வாய் காத்தாடி:
லண்டனிலிருந்து தக்கலைக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோம். விமானம்கூட இல்லை.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
15 இஞ்சில் டப்ஸ்டெப் போட்டால் கருகத்தான் செய்யும். பிளாஸ்டிக் பீப்பிளில்...

தக்கலை தாளம்:
போதும் அண்ணா. பிளாஸ்டிக் பீப்பிள் 2015 ஜனவரியிலேயே மூடிவிட்டது.

குளச்சல் டு ஈஸ்ட்ஹாம்:
மூடியது எனக்குத் தெரியாதா? அதையும் எனக்கே சொல்கிறீர்கள்.

வடசேரி வாசகன்:
ஒரு வேண்டுகோள். "கிளப்" என்பதையாவது வரையறுத்துக்கொள்வோம்.

தக்கலை தாளம்:
வாசகரே, பிறகு. அண்ணாச்சி பாக்ஸைக் காட்டிப் பேச்சைத் திருப்பிவிட்டார், நான் விடப்போவதில்லை. அடுத்து ஜங்கிள் இசைக்குத் தனியாக எழுதுகிறேன். 1969ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் பாட்டில் கிரகரி கோல்மன் வாசித்த ஆறு நொடி டிரம் எப்படி லண்டனில் 160க்கு மேல் ஓடியது என்று எண்ணோடு காட்டுகிறேன். அங்கே வந்தாவது மீட்டரை மூடி வைத்துவிட்டுக் காதால் கேளுங்கள்.

மார்த்தாண்டம் மைக்செட்:
எழுதும், வருகிறேன். ஜங்கிளில் டிரம்தான் 160. பேஸ் ரெக்கே கணக்கில் பாதியில் போகும். அதனால் அது 80.

தக்கலை தாளம்:
160.

மார்த்தாண்டம் மைக்செட்:
ஸ்பீக்கர் காசை முதலில் அனுப்பும்.

ஆரல்வாய் காத்தாடி:
பாதியா, முழுதா?